கோலமும் கடற்கோளும்: ஒரு மார்கழியின் வரலாறு

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் முதலில் கல்வெட்டைத் தேடுவர்; அது கிட்டாவிடில் செப்பேடு, அதுவுமில்லையேல் பழைய பத்திரங்கள். அழியாமல் எஞ்சியவற்றைக் கொண்டே நாம் வரலாறு எழுதிப் பழகிவிட்டோம். நாள்தோறும் எழுதப்பட்டு, நாள் முடியுமுன் அழிந்து, மறுநாள் மீண்டும் எழுதப்படும் ஆவணம் ஒன்று நம் வாசலிலேயே கிடக்கிறது. அதை ஆவணம் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. காரைக்கால் பகுதியில் 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பிந்தைய காலத்தை அந்த ஆவணத்தின் வழியே வாசிக்க இயலுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த குரும்பகரம் கடலைக் காணாத ஊர். பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்ற பிரெஞ்சுப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தவிர, சுற்றியுள்ள தஞ்சை மண்ணின் ஊர்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட எதுவுமில்லை. வயல், வாய்க்கால், வாசல், வாசலில் கோலம். ஆயினும் கடலோடு இவ்வூர்களுக்கு நெடுநாள் உறவுண்டு. பட்டினச்சேரி, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர ஊர்களின் பெண்கள் மீன்கூடை சுமந்து மேற்கே உள்ளூர்களுக்கு வருவதும், இங்கு விளையும் நெல் அரிசியாகிக் கிழக்கே போவதும் இப்பகுதியின் வழக்கம். மீன் வாங்கும் வாசலும் மாவுக்கோலம் இடும் வாசலும் ஒன்றுதான். கூடைக்காரம்மா கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிக் கூடையை இறக்குவார். இந்தச் சிறு மரியாதையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. ஆண்டின் பிற மாதங்களில் நாலு புள்ளியில் ஒப்பேற்றும் வீடுகள்கூட மார்கழியில் தெருவை அடைத்துக் கோலமிடும். விடியுமுன் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, இழை இழுத்து, நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி முடிப்பார்கள். சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தபோது இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிடம். அதாவது சோழமண்டலக் கரையெங்கும் அன்றைய கோலங்கள் பெரும்பாலும் இட்டு முடிக்கப்பட்டிருந்தன. அலை இக்கரையை அடைய மேலும் இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த அறிவிப்பும் வரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே அப்போது இல்லை. குரும்பகரத்துக் கோலம் அன்றும் நடப்போர் காலடியில் மெல்ல மெல்ல அழிந்திருக்கும். பட்டினச்சேரிக் கோலம் வேறு விதமாக அழிந்தது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இறந்தோர் ஏறத்தாழ 600 பேர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் காரைக்காலைச் சேர்ந்தவர்கள். தெற்கே ஒட்டிக் கிடக்கும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். ஒரே கரை, ஒரே அலை. ஆனால் இறந்தவர்கள் இரு அரசுகளின் பட்டியலில் தனித்தனியே எண்ணப்பட்டார்கள். காரைக்காலுக்கான ஆணைகள் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியிலிருந்து வரவேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்ற இந்த நிலப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ நான்கு புள்ளி வைத்துவிட்டு இழை இழுக்க மறந்துபோனது போலத் தோன்றும். 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னும் அந்த இழை விழவில்லை. இது இருக்கட்டும்.

இழவு வீட்டு வாசலில் கோலம் கிடையாது. இது தமிழ்நாட்டில் சாதி, ஊர் வேறுபாடுகளைத் தாண்டிப் பரவலாகக் காணப்படும் வழக்கம். தெருவில் நடந்து செல்லும் அயலூரார்கூட யாரிடமும் கேளாமல் எந்த வீட்டில் சாவு என்று அறிந்துகொள்ள வெறும் வாசல் போதும். கருமாதி முடியும்வரை அவ்வாறே கிடக்கும். எனவே அந்த டிசம்பர் 27ஆம் நாள் விடியலில் கடலோர ஊர்களின் வாசல்கள், வாசல் எஞ்சியிருந்த இடங்களில், அரசின் எந்தக் கணக்கெடுப்புக்கும் முன்பாகவே ஒரு கணக்கைச் சொல்லிவிட்டன என்று கொள்ளலாம். உடல் கிடைத்தோருக்கு நாள் எண்ணலாம். பதினாறாம் நாள் 2005 ஜனவரி 10. கிடைக்காதோருக்கும், அடையாளம் காணப்படாமல் மொத்தமாகப் புதைக்கப்பட்டோருக்கும் எந்த நாளிலிருந்து எண்ணுவது? நாள் தொடங்காத துக்கத்துக்கு முடிவுநாள் குறிப்பது எப்படி? ஜனவரி 14 அன்று பொங்கல் வந்தது. நாள்காட்டி தன்பாட்டுக்கு வந்தது என்பதே சரி.

கோலத்தில் திரும்பத் திரும்ப வருதல் இரு வகைப்படும். ஒன்று இடத்தில் நிகழ்வது. பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு வரை என்று சொன்னால் டெல்டாவின் எந்த ஊரிலும் ஒரே கட்டம் விரியும். ஒரு மூலையில் வரும் வளைவு மற்ற மூலைகளிலும் வரும். சிக்குக்கோலத்தில் இழை எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து மூட வேண்டும். எந்தப் புள்ளியும் சுற்றப்படாமல் நிற்கக் கூடாது. இந்த ஒழுங்கு கணிதத்தாரையும் ஈர்த்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து எழுதிய கட்டுரை கணினி அறிவியலில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சில விதிகளை மீண்டும் மீண்டும் பொருத்தினால் சிறு கோலம் பெருங்கோலமாக வளரும் என்பது அதன் சாரம். தமிழ் படித்தோர் இலக்கணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இது நமது சொத்து என்று மகிழ்வோம். ஆனால் அந்தக் கட்டுரையை நம் தமிழ்த்துறைகளில் எத்தனை பேர் புரட்டியிருப்போம் என்பது வேறு கேள்வி.

இரண்டாவது, காலத்தில் நிகழ்வது. இதைக் கணிதத்தார் பெரிதும் பேசவில்லை. கோலம் ஒருமுறை இட்டு வைத்துப் பாதுகாக்கும் பொருளன்று. பச்சரிசி மாவாயின் எறும்பு தின்னும்; மொக்குமாவாயின் காற்றும் காலும் கொண்டுபோகும். விஜயா நாகராஜன் 2018இல் வெளியிட்ட கோலம் பற்றிய ஆங்கில நூலின் பெயரே ஆயிரம் உயிர்களுக்கு உணவிடுதல் என்ற பொருளுடையது. அழிவதற்கென்றே இடப்படுவதால் அழிவு அதற்கு அந்நியமில்லை. மறுநாள் இட ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையின்மேல்தான் அந்தக் கலை முழுவதும் நிற்கிறது.

பசிபிக் பெருங்கடலின் வனுவாட்டுத் தீவுகளிலும் இதற்கு நெருங்கிய மணல் ஓவியம் உண்டு. புள்ளிகளாலோ கோடுகளாலோ ஆன கட்டமொன்றின்மேல், விரலை எடுக்காமல் ஒரே இழையாக வரைவார்கள். அங்கு மலேகுலா தீவில் பெர்னார்ட் டீக்கன் என்ற இளம் மானிடவியலாளர் இவற்றைச் சேகரித்தார். 1927இல் அத்தீவிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அவர் குறிப்புகள் 1934இல் நூலாயின. அத்தீவினரின் நம்பிக்கை ஒன்று நாம் கருதத்தக்கது. இறந்தவர் மறுமை உலகுக்குச் செல்லும் வழியில் ஓர் ஆவி தரையில் வரைந்த கோலத்தின் அருகே அமர்ந்திருக்கும். இவர் வருவதைக் கண்டதும் பாதியை அழித்துவிடும். அழிந்த பாதியை நிறைவுசெய்யத் தெரிந்தவருக்கு வழி கிடைக்கும். தெரியாதவரை அந்த ஆவி விழுங்கிவிடும். ஜான் லேயார்ட் 1937இல் தென்னிந்திய வாசற்கோலங்களை இதனுடன் ஒப்பிட்டு ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். கோலமே மலேகுலாவுக்கு மூலம் என்பதுபோல அவர் கட்டிய முடிச்சுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பாதி அழிந்த கோலத்தை முடிக்கும் பொறுப்பு இறந்தவர்மேல் சுமத்தப்படும் அக்கதை, காரைக்கால் கரையை நினைக்கும்போது தலைகீழாகத் தோன்றுகிறது. இங்கே அதை முடிக்க வேண்டியவர்கள் எஞ்சியவர்கள்.

கோலம் இடும் கைகளே அதிகமாக மாண்டன என்பதுதான் அவர்கள்முன் நின்ற இடர். 2005 மார்ச்சில் ஆக்ஸ்பாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391, ஆண்கள் 146. காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆழ்கடலில் படகில் இருந்தோருக்கு அந்த அலை காலடியில் நழுவிப்போன சிறு ஏற்றம் மட்டுமே. கரையில்தான் அது சுவராக எழுந்தது. கரையில் படகுகளுக்காகக் காத்திருந்தோர், வந்த மீனைத் தரம் பிரிக்கவும் ஏலத்தில் எடுக்கவும் நின்றோர், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தோர் பெண்கள். ஆகவே அந்த ஊர்களில் கோலம் நின்றது துக்கத்தின் பொருட்டு மட்டுமன்று. கருமாதி முடிந்தபின் துக்கம் காத்த வாசலில் மீண்டும் புள்ளி விழும்; புள்ளி வைப்பவரே போய்விட்ட வாசலில் அது யார் கையால் விழும்? தாயிடமிருந்து மகளுக்குப் பார்த்துப் பழகி வரும் கலை இது. எழுதி வைத்த பாடநூல் இல்லை. பழைய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் குறித்த சில கட்டங்கள் இருந்தால் அவையும் அலையோடு போயிருக்கும்.

மேற்கே குரும்பகரம் போன்ற ஊர்களுக்கு இது எவ்வாறு எட்டியது என்றால், முதலில் செய்தியாக அன்று, வராமையாக எட்டியது. கூடை வரவில்லை. கடல் மீனை உண்ண அஞ்சிய அந்த வாரங்களில் வாங்குவோரும் இல்லை. உள்ளூர்களிலிருந்து அரிசியும் துணியும் கடலோரம் சென்றன. நம் பகுதியில் அந்த மார்கழியின் எஞ்சிய நாட்களில் கோலம் நிற்கவில்லை. நிற்க வேண்டிய முறையும் இல்லை. ஆனால் பெரிய கோலங்களை இடக் கூசி, சிறிய கோலத்தோடு வாசலை விட்டு எழுந்த பெண்கள் பலர். சாவு வீட்டுக்கும் பண்டிகை வீட்டுக்கும் நடுவே ஒரு கோலம் உண்டென்று அந்த ஆண்டுதான் நாம் கண்டோம்.

மணிமேகலையைப் படித்தோருக்கு இவ்விடத்தில் புகார் நினைவுக்கு வராமல் இராது. காரைக்காலிலிருந்து கரையோடு வடக்கே தரங்கம்பாடியைக் கடந்தால் பூம்புகார். அந்நகரைக் கடல் கொண்டதற்குச் சாத்தனார் கூறும் காரணம் யாவரும் அறிந்தது: காணாமற்போன மகனைத் தேடிய துயரில் கிள்ளி இந்திர விழாவை மறந்தான், ஆண்டுதோறும் வரவேண்டிய ஒன்று வராமற்போயிற்று, கடல் வந்தது. காப்பியத்தின் முதற் காதையோ அதே விழாவை முரசறைந்து அறிவிப்பது. இருபத்தெட்டு நாள் விழாவுக்கு நகரை அணிசெய்யச் சொல்லும் முதுகுடிப் பிறந்தோன், தெருக்களில் பழைய மணலை நீக்கிப் புதிய மணலை இடுமாறும் கூறுகிறான். மீண்டும் மீண்டும் செய்வதை ஒருமுறை விட்டால் அழிவு வரும் என்பது காப்பியத்தின் கணக்கு. 2004இல் இந்தக் கணக்கு தவறியது. எவரும் எதையும் மறக்கவில்லை. ஆண்டிலேயே மிக அதிகமாகத் தெளித்து, மெழுகி, இட்டு வைத்த மாதத்தில், இட்டு முடித்த பின் அலை வந்தது. கோலம் காக்கும் என்று கூறுவோர் இதற்கு விடை சொல்ல வேண்டும். நமக்குத் தோன்றுவது, கோலம் காவல் அன்று என்பதே. அது ஒரு கையொப்பம். இந்த வீட்டில் இன்று ஆள் எழுந்திருக்கிறார் என்பதற்கான கையொப்பம்.

புதிய மணலைக் கடலும் இட்டது. கரையோர வாசல்களின்மேலும் வயல்களின்மேலும் அலை விட்டுச்சென்ற மணற்படிவை நிலவியலாளர்கள் நாகைக் கரையெங்கும் அளந்து ஆராய்ந்தனர். வயலில் மணலை வாரிக் கொட்டியபின்னும் உப்பு நின்றது. ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரைத் தேக்கி வடித்து, பருவம் பருவமாக அந்த உப்பைக் கழுவினார்கள். நெல் விளைந்தால்தானே மாவு, மாவிருந்தால்தானே கோலம்.

வீடிழந்தோர் முதலில் தார்த்தாள் கூரையிட்ட தற்காலிகக் கொட்டகைகளில் வரிசையாகக் குடியேற்றப்பட்டனர். வெயிலில் உள்ளே இருக்க முடியாது என்பது அக்காலத்துச் செய்திகள் அனைத்திலும் வந்த முறையீடு. பிறகு கரையிலிருந்து தள்ளி நிலையான வீடுகள் எழுந்தன. தமிழக அரசு வகுத்த அளவு வீட்டுக்கு ஏறத்தாழ 325 சதுர அடி. காரைக்காலிலும் அரசு, தொண்டு நிறுவனங்கள், உலக வங்கியின் கடனுதவி எனப் பல வழிகளில் குடியிருப்புகள் உருவாயின. மேலிருந்து பார்த்தால் ஒரே அளவு, ஒரே இடைவெளி, ஒரே நிறம்: நேர்ப்புள்ளி. திரும்ப வரும் வடிவம் என்ற அளவில் இதுவும் கோலத்தின் முதற்படியே. ஆனால் புள்ளி வைப்பது எளிது. பழைய குப்பத்தில் யார் வாசல் யார் வாசலை நோக்கியது, எந்தச் சந்து கோயிலுக்குத் திறந்தது, எந்தத் திண்ணையில் வலை பின்னினர் என்ற இழைகளைக் கட்டட வரைபடம் அறியாது. அவற்றை அங்கே குடியேறியவர்களே மெல்ல இழுக்க வேண்டியிருந்தது. சிமெண்ட் தரையில் சாணம் தெளித்துப் பிடிக்காது என்பதையும் அவர்கள்தான் கண்டறிந்தார்கள்.

கைவேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதன்வழி மீளுதல் என்பது வேறிடங்களில் திட்டமாகவே நடந்திருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் இவாதே மாகாணத்து ஓட்சுச்சி என்ற கடலோர ஊரை ஆழிப்பேரலை அழித்தது. ஊர்த்தலைவர் உட்பட 1,200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிவாரண முகாமில் செய்ய ஏதுமின்றி அமர்ந்திருந்த பெண்களுக்கு அவ்வாண்டே சஷிகோ தையல் வேலை தரப்பட்டது. கிழிந்த துணியை இரட்டித்துத் தைக்க வடகிழக்கு ஜப்பானின் ஏழை வீடுகள் கையாண்ட ஓட்டுத்தையல் அது; நீலத்துணியில் வெள்ளை நூலால் ஒரே வடிவம் வரிசையாக வரும். அதன் மரபு வடிவங்களுள் ஒன்று கடலலை. தம் ஊரைக் கொண்டுபோன ஒன்றின் வடிவம் அவர்கள் தையல் மரபுக்குள்ளேயே இருந்தது என்பதை நாம் எளிதில் கடந்துவிட முடியவில்லை. நமக்கருகே ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் 2005இல் மீனவப் பெண்களுக்குத் துணித்துண்டுகளில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்பித்தது. சுனாமிகா என்று பெயர். விற்காமல் அன்பளிப்பாகவே உலகெங்கும் அனுப்பப்பட்டது. இரண்டும் பாராட்டத்தக்க முயற்சிகள். எனினும் அவை வெளியிலிருந்து வந்த கைகள் தொடங்கி வைத்தவை. வெளியே போகும் பொருள்கள். எண்ணிக்கை உண்டு, புகைப்படம் உண்டு, அறிக்கை உண்டு. கோலத்தை எவரும் தொடங்கி வைக்கவில்லை. ஓர் ஊரில் முதல் கோலம் மீண்டும் எந்த நாளில் விழுந்தது என்பதை எந்த அறிக்கையும் குறிக்கவில்லை. மீட்சியின் காலவரிசையை எழுதவேண்டின் அந்த நாளிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

கடற்கரையில் பெண்கள் வரைவதும் அலை அழிப்பதும் நெய்தற் பாட்டுக்குப் பழைய செய்தி. ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறு அம்மூவனார் பாடியது. அதில் கிழவற்குரைத்த பத்து என்ற பகுதியில் பாடல்தோறும் ஒரே தொடக்கம் திரும்பத் திரும்ப வரும். தலைவனின் உறவாகிய பெண்ணைக் கண்டோம் என்று சொல்லி, அவள் கரையில் என்ன செய்தாள் என்பது மட்டும் மாறிக்கொண்டே போகும். சொல்லால் இட்ட புள்ளிக்கோலம் எனலாம். அவற்றுள் 124ஆம் பாடலில் வரும் பெண், தன் மணற்பாவையை அலை கவர்ந்துகொண்டதால், நுண்மணலை அள்ளி அள்ளிக் கடலையே தூர்க்க முயல்கிறாள். காதற்பாட்டின் குறும்பு அது. உரையாசிரியர்களும் அப்படியே கொள்வர். 2004க்குப் பிறகு வகுப்பில் அந்தப் பாடலைச் சிரித்துக்கொண்டு நடத்த நம்மால் இயலவில்லை.

அந்தப் பத்தில் இன்று எட்டுப் பாடல்களே உள்ளன. 129, 130 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1903இல் பதிப்பித்தது முதல் இன்றுவரை எவரும் அதை எட்டு என்று பெயர் மாற்றவில்லை. பின்வரும் பாடல்களை முன்னிழுத்து எண்களை நிரப்பவும் இல்லை. பத்து என்றே அச்சிட்டு, 130க்கு அடுத்த 131இலிருந்து தொடர்கிறார்கள்.

கடல்கொண்ட நாள் மார்கழியில் விழுந்ததால் கடலோர வீடுகளுக்குக் கோல மாதமே திதி மாதமும் ஆயிற்று. டிசம்பர் 26 அன்று ஆண்டுதோறும் கரையில் கூடி மலர் தூவிப் பால் ஊற்றுவது ஊர் அறிந்த நிகழ்ச்சி. வீட்டுக்குள் திதி பார்ப்போருக்கு அது வேறொரு நாளாகவும் அமையும். திதியன்று வாசலில் கோலமிடும் வழக்கமில்லாத வீடுகளில், முப்பது நாள் மார்கழியில் இருபத்தொன்பது கோலம். நடுவில் ஒரு விடியலில் தெளித்த ஈரம் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். மறுநாள் மாமியாரோ மகளோ டப்பாவை எடுத்துக்கொண்டு குனிவார்.